மணலும் மலையும்
தெமட்டகொடையிலிருந்து யாத்திரை புறப்படும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

தெமட்டகொடையில் வாழும் நமக்குப் புகையிரதத்தின் ஓசை புதிதன்று. விடியற்காலையில் கண் விழிக்குமுன்னரே இயந்திரக் கொட்டகையிலிருந்து எழும் இரைச்சல் நம் செவியில் விழுந்துவிடும். மருதானையை விட்டுப் புறப்படும் வண்டிகள் நம் வீட்டுச் சுவர்களைச் சற்றே அதிரச் செய்து களனியை நோக்கி ஓடும். அவற்றுள் ஒன்று பதுளைக்குப் போகும். இன்னொன்று தலைமன்னாருக்குப் போகும். ஒன்று மலையின் குளிரை நாடிச் செல்வது; மற்றொன்று மணலின் வெம்மையை நாடிச் செல்வது. பொல்காவலை வரையில் இரண்டுக்கும் பாதை ஒன்றே. அதன்பின் ஒன்று வடக்கே திரும்ப, மற்றது மலையேறத் தொடங்குகின்றது.

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. "அப்பா, இம்முறை எங்கே போகிறோம்?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழும். போவதென்று தீர்மானித்த பின்னர் நம்மவர் செய்யும் ஆயத்தமோ பெரும்பாலும் பலகாரம் சுடுவதோடு நின்றுவிடுகிறது. கொழும்பிலே காலையும் மாலையும், தையும் ஆடியும் ஏறக்குறைய ஒரே உடையில் கழிந்துவிடுவதால், நாட்டின் மற்றைய பாகங்களும் அப்படியே இருக்குமென்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தினால் நாம் பட்ட பாடு ஒன்று உண்டு. அதனைப் பின்னர் சொல்வோம்.

நம் நாட்டில் பாலைவனம் உண்டா?

பழந்தமிழர் நிலத்தை வகுத்தபோது பாலைக்கெனத் தனி நிலம் கொள்ளவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலையென வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழை பொய்த்தால் எந்த நிலமும் பாலையாகும் என்பதே அதன் கருத்து.

ஆண்டொன்றுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தையே புவியியலார் பொதுவாகப் பாலைவனம் என்பர். அந்தக் கணக்கின்படி இலங்கையில் பாலைவனம் கிடையாது. மன்னாரில் அதனிலும் பல மடங்கு மழை பெய்கின்றது. ஆனால் அம்மழையின் பெரும் பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான சில மாதங்களிலே பெய்து தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களிலே வெயிலும் காற்றுமே ஆட்சி புரியும். முட்செடியும் பனையும் பெருக்க மரமும் நிற்கும் அந்த வெளியில் நண்பகலிலே நடந்து பார்த்தவருக்குப் பாலை என்பதன் பொருள் விளங்கிவிடும். வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டிற்குச் சென்றாலோ, மணற்குன்றுகளும், அம்மணலிலே பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடும் நம்மைத் திகைக்க வைக்கும்.

மலைக்கோ நம் நாட்டில் குறைவில்லை. பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். நுவரெலியா நகரமே 1,800 மீற்றருக்கு மேலே அமைந்திருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது பொது விதி. ஆகவே கொழும்பிலே 28 பாகை இருக்கும்போது நுவரெலியாவில் 16 பாகைதான் இருக்கும். தை, மாசி மாதங்களின் அதிகாலையிலே ஹோட்டன் சமவெளியின் புற்கள்மீது உறைபனி வெண்மையாகப் படிந்து கிடப்பதும் உண்டு.

காலம் அறிந்து புறப்படுக

"பருவத்தே பயிர் செய்" என்பது பயிருக்கு மட்டும் உரியதன்று, பயணத்துக்கும் பொருந்தும். மலைநாட்டின் மேற்குச் சரிவான ஹற்றன், நுவரெலியா ஆகிய பகுதிகளுக்குத் தை முதல் சித்திரை வரையுள்ள காலம் உகந்தது. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே மழையும் மூடுபனியும் விடமாட்டா. ஆனால் அதே மாதங்களில் ஊவாப் பக்கமான அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை என்பன பெரும்பாலும் வறண்டிருக்கும். ஆகவே ஓகஸ்ட் விடுமுறையிலே மலைக்குப் போவோர் ஊவாவை நாடுவதே அறிவுடைமை. டிசெம்பர் விடுமுறையில் ஊவாவில் மழையை எதிர்பார்க்க வேண்டும்.

மன்னாருக்குச் செல்வோர் மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களைத் தேர்ந்துகொள்வாராக. அப்போது குளங்கள் நிறைந்திருக்கும், வெயில் பொறுக்கத்தக்கதாயிருக்கும், வங்காலைச் சரணாலயத்திலே தூரதேசப் பறவைகள் வந்து தங்கியிருக்கும். ஆனி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று மணலை வாரி முகத்திலே வீசும். எனினும் மடு மாதாவின் ஓகஸ்ட் மாதத் திருவிழாவுக்குச் செல்லும் அடியார்கள் வெயிலுக்கு அஞ்சியா இருக்கிறார்கள்? அவர்கள் தக்க ஆயத்தத்தோடு சென்றால் போதும்.

சிவனொளிபாதமலை யாத்திரைக்கு மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையே காலம். மற்றைய மாதங்களிலே வழியில் விளக்கும் இராது, கடைகளும் இரா. மழையும் அட்டையுமே துணை வரும்.

வண்டி ஏறுமுன்

தூரப் பயண வண்டிகளுக்குத் தெமட்டகொடை நிலையத்தை நம்பியிராமல் கோட்டைக்கே சென்று ஏறுவது நன்று. இருக்கை பிடிக்கவும் பொதிகளை வைக்கவும் அவகாசம் கிடைக்கும். ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் மூன்றாம் வகுப்பிலே முதியோரை நிற்க வைத்து மலையேறுவது யாத்திரையன்று, தண்டனை.

பாதை திறந்திருக்கிறதா என்பதை முதலில் விசாரித்து அறிக. 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய மலைநாட்டுப் பாதை, பாறையைக் குடைந்தும் பள்ளத்தைக் கடந்தும் போடப்பட்டது. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே வீசிய டித்வா சூறாவளியின்போது மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் அப்பாதை பல இடங்களிலே பெருஞ் சேதமுற்றது. ஆகவே எந்த வண்டி எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதைப் புறப்படும் நாளிலே நிலையத்தில் கேட்டறிந்து கொள்ளுங்கள். சென்ற ஆண்டு சென்றவர் சொன்ன நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

தலைமன்னார்ப் பாதைக்கும் ஒரு கதை உண்டு. 1914ஆம் ஆண்டில், இந்தியாவுக்குக் கப்பலேறுவோர்க்கென அது திறக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். அங்கிருந்து சென்னைக்கு வண்டி. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் யுத்தத்தினால் இப்பாதையும் அழிந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை வரை வண்டி ஓடிற்று. அந்த வண்டியில் ஏறும் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போனால் வழியும் தெரியாது, படிப்பும் கிடைக்கும்.

உடுப்பும் உணவும்

மலைக்குச் செல்வோர் ஒரே தடித்த உடையைக் கொண்டு செல்வதைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது மேல். உடைகளுக்கிடையே நிற்கும் காற்று உடலின் சூட்டைக் காக்கும். வெயிலேறினால் ஒவ்வொன்றாகக் களையலாம். காதை மூடக் கம்பளித் தொப்பியோ சால்வையோ அவசியம். மழைச் சட்டையும், மாற்றுக் காலுறைகள் இரண்டு சோடியும், வழுக்காத சப்பாத்தும் வேண்டும். நனைந்த பருத்தித் துணியைப் போலக் குளிரைக் கொண்டுவருவது வேறொன்றில்லை.

மணல் நாட்டுக்குச் செல்வோர்க்கு இதற்கு நேர்மாறாக வெளிர் நிறப் பருத்தி உடை உகந்தது. கையை முழுதும் மூடும் சட்டை வெப்பத்தைக் கூட்டுமென்று பலர் தவறாக எண்ணுகின்றனர். மணல் நாட்டு மக்கள் எங்கும் உடலை மூடியே உடுத்துகின்றனர். வெயில் தோலிலே நேரே படாதிருப்பதே குளிர்ச்சி. அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பியோ குடையோ கொண்டு செல்க. திருக்கேதீச்சரம், மடு முதலிய தலங்களுக்குச் செல்வோர்க்கு இவ்வுடை மரியாதையாகவும் அமையும்.

வண்டியில் உண்பதற்குக் கட்டுச்சோறு போல் வேறில்லை. புளிச்சோறும் கட்டைச் சம்பலும் ஒரு பகல் தாங்கும். தேங்காய்ப் பால் சேர்ந்த கறிகளைத் தவிர்த்துவிடுங்கள்; வெயிலில் விரைவிலே பழுதாகும். மலைக்குச் செல்லும்போது வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்த நீரைச் சுடுநீர்ப் போத்தலில் நிரப்பிக்கொள்ளுங்கள். மன்னாருக்குச் செல்லும்போது ஆளுக்கு மூன்று லீற்றருக்குக் குறையாமல் குடிநீர் இருக்கட்டும். கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பானவை. வழியிலே பார்த்துக்கொள்வோம் என்றிருந்தால் ஏமாற நேரும்.

மணலிலே கவனிக்க வேண்டியவை

முதலாவது: நேரம். காலை பத்து மணிக்கு முன்னரும், மாலை நாலு மணிக்குப் பின்னரும் ஊர் பாருங்கள். இடைப்பட்ட நேரத்தில் மர நிழலிலோ விடுதியிலோ தங்கிவிடுங்கள். மன்னார்க் கோட்டையையும், பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் அதிகாலையிலே பார்ப்பது இனிமை. ஆபிரிக்காவிலே பிறந்த அம்மரவினம் அராபிய வணிகர் மூலம் இங்கு வந்ததென்பர். தன் பருத்த அடிமரத்திலே நீரைச் சேமித்து வைத்து வறட்சியைத் தாண்டுவது அதன் இயல்பு. நாமும் அதனிடம் பாடம் கேட்கலாம்: தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துக.

இரண்டாவது: உப்பு. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருத்தல் போதாது. உப்பிட்ட மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் இளநீரும் நம் முன்னோர் கண்ட மருந்து. மருந்துக் கடைகளிலே விற்கும் ஜீவனிப் பொட்டலம் இரண்டொன்று கைப்பையில் இருந்தால் குழந்தைகளுக்கு உதவும்.

மூன்றாவது: வெயிலால் வரும் ஆபத்தின் அறிகுறி. தலைவலி, மயக்கம், குமட்டல் என்பன தோன்றினால் உடனே நிழலுக்குச் செல்ல வேண்டும். உடல் நெருப்பாய்க் கொதிக்க, பேச்சுக் குழறிப் புத்தி தடுமாறுமானால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் தெளித்து, விசிறிக்கொண்டே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். நினைவற்றவரின் வாயிலே தண்ணீர் ஊற்றுதல் ஆகாது; மூச்சுக் குழலுள் இறங்கிவிடும்.

நான்காவது: யுத்தம் விட்டுச்சென்ற வடு. வடபகுதியிலே மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடைபெற்று, மிகப் பெரும்பாலான நிலம் மக்களிடம் மீண்டுவிட்டது. எனினும் மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகையை எங்கே கண்டாலும் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள். புதருக்குள் கிடக்கும் எந்த உலோகப் பொருளையும் பிள்ளைகள் தொடக்கூடாது. ஊரவர் நடக்கும் பாதையிலேயே நடவுங்கள்.

ஐந்தாவது: கடல். தலைமன்னாரிலே நின்று பார்த்தால் மணல் தீடைகள் இராமேஸ்வரத்தை நோக்கி வரிசையாகச் செல்வது மனத்தைக் கவரும். ஆயினும் அங்கே நீரோட்டம் வலியது. தீடைகளும் இடம் பெயர்வன. அதிகாரிகளின் அனுமதியின்றித் தோணியேறலாகாது. எங்கே குளிக்கலாமென்பதை மீனவரிடம் கேட்டறிந்த பின்னரே நீரில் இறங்குங்கள்.

மலையிலே கவனிக்க வேண்டியவை

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் விடியுமுன்னரே புறப்பட வேண்டும். உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளம் ஏறக்குறைய 870 மீற்றர் ஆழமுடையது. காலை ஒன்பது, பத்து மணியாகிவிட்டால் மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். பள்ளத்தின் விளிம்பும் கூடவே மறைந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. சுற்றி வரும் பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேற்பட்டது; சிறு குழந்தைகளுக்கும் முழங்கால் நோவுள்ளோர்க்கும் ஏற்றதன்று. பொலித்தீன் பைகளை வாயிலிலே வாங்கிவிடுவார்கள். மரைகள் அருகே வந்தாலும் உணவு கொடுக்காதீர்கள். கொடுப்பது அன்பன்று, கேடு.

மழைக்கால நடையில் அட்டை கடித்தால் அஞ்ச வேண்டியதில்லை. பற்றிய அட்டையைப் பிய்த்தெறியாமல், நகத்தினால் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பி எடுத்துவிட்டுக் காயத்தைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். புறப்படும்போதே காலுறையின்மீது சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் தோட்டப் பகுதிகளிலே உண்டு.

குளிரால் வரும் ஆபத்தும் வெயிலால் வருவதைப் போன்றதே. ஓயாத நடுக்கமும், உதடு நீலித்தலும், தூக்கக் கலக்கமும் தோன்றினால் முதலில் நனைந்த உடையைக் களைய வேண்டும். பின்னர் உலர்ந்த போர்வை, இனிப்பிட்ட சூடான பானம். குளிருக்கு மது நல்லதென்பது வெறும் பேச்சு. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடற்சூட்டை வெளியே விட்டுவிடும்.

புகையிரதத்தின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கும் ஆசை இளைஞரிடம் பெருகியிருக்கிறது. அம்மலைப் பாதையிலே நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கின்றன. பாறையும் சுவரும் சில இடங்களில் வண்டியிலிருந்து ஒரு முழந்தான் விலகியிருக்கும். ஒரு படத்துக்காக உயிரை விட்டோர் உண்டு. பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அமர்த்துவது பெற்றோரின் கடமை.

வாடகை வண்டி அமர்த்துவோர் இரவுப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி விடியுமுன் கொத்மலைப் பகுதியில் ஒரு பஸ் வண்டி பள்ளத்திலே வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் வீழ்ந்து பதினைவர் உயிரிழந்தனர். இரண்டும் இருளிலே நிகழ்ந்தவை. இறக்கத்திலே தடையை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிச் செயலிழக்கும். கீழ்க் கியரில் மெல்ல இறங்குவதே முறை. சாரதி கண்ணயர்கிறாரோ என்று முன்னிருக்கையில் இருப்பவர் கவனித்துக்கொள்ளட்டும். "அண்ணை, சற்று நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுப் போவோம்" என்று சொல்வதில் வெட்கமில்லை.

மண்சரிவின் முன்னறிவிப்பை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தொடர்மழையின்போது நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்று திடீரெனத் தோன்றுதல் அல்லது நின்றுவிடுதல், தெளிந்த ஓடை சேறாகக் கலங்குதல் என்பன அறிகுறிகள். இவற்றைக் கண்டால் பொதிகளைத் தேடிக்கொண்டிராமல் அவ்விடத்தை விட்டு அகலுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. புறப்படுமுன் அந்த மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று கேட்டறிவதும், இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதும் கோழைத்தனம் ஆகா.

கடல் கடந்து செல்வோர்க்கு

மணலும் மலையும் ஒருங்கே அமைந்த லடாக் நாட்டுக்கு இக்காலத்தில் நம்மவரும் செல்கின்றனர். இமயத்துக்கு அப்பாலுள்ள அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் லே நகரம் ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்திலிருக்கிறது. நம் நாட்டில் எந்தச் சிகரத்திலும் காணாத துன்பம் அங்கே உண்டு. காற்றின் அடர்த்தி குறைவதால் வரும் மலைநோய் அது. பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேயே அது தலைகாட்டும். விமானத்தில் இறங்கியவர்கள் முதல் இரண்டு நாளும் ஊர் சுற்றாமல் ஓய்ந்திருக்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் உள்ளவர் மேலும் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதும் மூச்சு முட்டினாலோ, இரவென்றும் பாராமல் கீழே இறக்குவதே மருந்து. இதய நோயும் மூச்சு நோயும் உள்ளோர் வைத்தியரைக் கேளாமல் புறப்படலாகாது. எல்லையோர இடங்களுக்குத் தனி அனுமதிப் பத்திரம் வேண்டுமென்பதையும் மறவாதீர்கள்.

பட்டிப்பொலையிலே கற்ற பாடம்

இனி நாம் பட்ட பாட்டைச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்திலே குடும்பத்தோடு மலைக்குச் சென்று, திரும்பும் வழியில் பட்டிப்பொலை நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்திலே அமைந்த அதுவே நம் நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். வண்டியோ பிந்திவிட்டது. மாலைப் பனி இறங்கிற்று. நம் இளைய மகள் கொழும்பிலே உடுத்த மெல்லிய சட்டையோடு நின்றாள். கொண்டுவந்த ஒரேயொரு கம்பளிச் சட்டை காலையில் மழையில் நனைந்துபோயிருந்தது. குழந்தையின் பற்கள் கிடுகிடுத்தன. உதடுகள் நிறம் மாறின. செய்வதறியாது விழித்தோம்.

அப்போது மேடையின் ஓரத்திலே அமர்ந்திருந்த ஒரு தோட்டத்து அம்மையார் எழுந்து வந்தார். தம் தோளிலே போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துக் குழந்தையைச் சுற்றினார். "வேண்டாம் அம்மா, உங்களுக்குக் குளிருமே" என்றோம். "எங்களுக்குப் பழக்கமுங்க. புள்ள நடுங்குதுங்க. வண்டி வர்ற வரைக்கும் போத்தியிருக்கட்டும்" என்றார். பேச்சுக்கிடையே ஊரைப்பற்றிக் கேட்டபோது, "எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் மன்னாரு வழியா நடந்தே வந்தவங்கதானுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். வண்டி வந்தது. கம்பளியைத் திருப்பிக் கொடுத்தோம். கையிலே பணம் வைக்க முயன்றபோது அவர் கையை இழுத்துக்கொண்டார்.

நெடு நாள் அந்தச் சொல் நம் மனத்தை விட்டகலவில்லை. கோப்பித் தோட்டங்கள் தோன்றிய 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து, தென்னிந்தியக் கிராமங்களில் வறுமையுற்ற மக்கள் தோணியேறி மன்னார்க் கரையிலே இறங்கினர். கங்காணியின் பின்னே, நீரற்ற வெளியையும் காட்டையும் கடந்து, மாத்தளைக்கும் அப்பாலுள்ள மலைகளுக்கும் நடந்தனர். தாகத்தாலும் பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே விழுந்து மடிந்தோர் எண்ணற்றோர். 1914இல் புகையிரதம் வருமுன்னரே அவ்வழி அவர்களின் எலும்புகளால் அடையாளம் பெற்றுவிட்டது. அவர்களுக்கு எந்த மாதத்திலே புறப்படுவது நல்லதென்று சொல்லுவாருமில்லை, குடிநீர்ப் போத்தலுமில்லை, திரும்பி வரும் பயணச்சீட்டுமில்லை. அவ்வரலாற்றின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரம் மலையக மக்கள் நடைபவனி சென்றனர்.

அடுத்த ஆண்டிலே நாம் மன்னாருக்குச் சென்றோம். தலைமன்னாரில் வண்டியை விட்டிறங்கி, காலை எட்டு மணி வெயிலிலே அரை மணித்தியாலம் மணலில் நடந்தோம். பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். "இதைப் போலப் பல நாள் நடந்தார்களா அப்பா?" என்று அந்த இளைய மகள் கேட்டாள். ஆம் என்றோம். அவள் பின்னர் ஒன்றும் பேசவில்லை. தன் போத்தலிலிருந்த நீரை அண்ணனுக்கும் கொடுத்தாள்.

ஆகவே இறுதியாக ஒரு யோசனை. தேயிலைக் கொழுந்து பறிப்போரைக் கண்டவுடன் படம் எடுக்காதீர்கள். முதலில் வணக்கம் சொல்லி, அனுமதி கேளுங்கள். லயன் அறைகள் காட்சிச்சாலையல்ல. குடும்பங்கள் வாழும் வீடுகள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுள் புதைந்தவையும் அத்தகைய வீடுகளே. டித்வாச் சூறாவளியிலும் மலைச்சரிவில் வாழ்ந்தோரே பெருந் துயருற்றனர். நமக்கு மழை என்பது பயணத்தைத் தள்ளிப்போடும் ஒரு காரணம். அவர்களுக்கோ உறங்காத இரவு. அது போலவே மன்னாரில் பனங்கட்டியும் கருவாடும் விற்போரிடம் பத்து ரூபாய்க்காக வாதாடாதீர்கள். அவ்வூர் பட்ட துன்பத்தை எண்ணிப் பார்த்து, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

புறப்படும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். எங்கே தங்குவீர்கள், என்று திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளிலே எழுதிக் கொடுங்கள். வயோதிபரின் மருந்துகளை இரண்டு நாளுக்கு மேலதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். பையில் இடமிருந்தால் ஒரு கம்பளிப் போர்வையைக் கூடுதலாக வையுங்கள். அது உங்களுக்கு வேண்டாதிருக்கலாம்; வண்டி பிந்திய ஏதோவொரு மேடையிலே வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியிருக்கலாம். நம் வீட்டுப் பயணப் பையில் இன்று அப்படி ஒன்று இருக்கின்றது.

சென்று, கண்டு, சுகமாய்த் திரும்பி வருக!